கசாண்டே அடிபம்பு

அந்தப் பக்கம் வேண்டாங்க சார், வெயில் ஏறிக்கிட்டே வரும். இப்படி வந்து உக்காருங்க. பஸ்ஸுக்குள்ள இருந்தா வெந்து போவோம். படகு இப்ப வராதுங்க. அதோ அக்கரையில நிக்குது பாருங்க, வண்டியெல்லாம் ஏத்தற இரும்புப் படகு, அதுதான். இஞ்சின் நல்லாத்தான் இருக்குது. டீசலும் இருக்குது. ஓட்டறவன் அதுமேலயே உக்காந்து சுட்ட மக்காச்சோளம் தின்னுட்டிருக்கறான். ஆனா வராது. யாரோ துணை மந்திரி வர்றாராம், அவரு காரை ஏத்தறதுக்குன்னு புடிச்சு நிறுத்தி வெச்சிருக்காங்க. எப்ப வருவாருன்னு கேட்டேன், அந்தப் போலீஸ்காரன் சிரிக்கறான். இந்த நாட்டுல அதுதாங்க பதிலு.

நீங்க எந்தூருங்க? திண்டுக்கல்லா! அடடே. காலேஜுக்குக் கணக்கு வாத்தியாரா வந்திருக்கீங்களா, சரி சரி. வந்து ரெண்டு வாரந்தானா? அப்ப இன்னும் கோவம் வந்திருக்காது. வரும். என்ற பேரு நாச்சிமுத்துங்க, திருச்செங்கோட்டுப் பக்கம். தண்ணிக்குப் போர் போடற ரிக்கு வண்டியில சூப்பர்வைசர். எங்கூருல வீட்டுக்கு ஒருத்தன் ரிக்குல போயிருவான். ஆப்பிரிக்காவுல எந்தக் காட்டுக்குள்ள போய் "திருச்செங்கோடு"ன்னு கூப்பிட்டாலும் ஒருத்தன் "ஏனுங்க"ன்னு திரும்பிப் பாப்பான். நெசமாத்தான்.

அந்தத் தூணுங்களைப் பாத்தீங்களா, ஆத்துக்குள்ள நிக்குதே? பாலம். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோட கடக்கால் போட்டாங்களாம். அன்னைக்குப் பொறந்த கொழந்தைங்க பேரன் பேத்தி எடுத்தாச்சு, பாலம் இன்னும் காலை மட்டும் ஊன்றிக்கிட்டு நிக்குது. ஒவ்வொரு எலெக்சனுக்கும் ஒருத்தர் வந்து அதுல ஒரு தூணுக்குச் சுண்ணாம்பு அடிச்சுட்டுப் போவாரு. நல்ல மண்ணுங்க சார், நல்ல ஆறு, நல்ல ஜனம். தலைமைதான் இல்லை. தலைமைன்னு ஒண்ணு இருந்தா இந்த நாடு எங்கயோ போயிருக்கும்.

உக்காருங்க, நான் நிக்கறேன்னு நீங்களும் எந்திரிக்க வேண்டாம். எனக்கு இன்னைக்கு ஒரு இடத்துல இருப்பு கொள்ளலீங்க. அது என்னன்னு சொல்றேன்.

அக்கரையில இறங்கி ஒரு மணி நேரம் மண் ரோட்டுல போனா கசாண்டேன்னு ஒரு ஊரு. போன வருசம் அங்க நான்தான் போர் போட்டேன். அதுக்கு முன்னாடி பொம்பளைங்கெல்லாம் ஓடைக்குப் போய் மணலைத் தோண்டி, ஊறற கலங்கத் தண்ணியைக் கொட்டாங்கச்சி மாதிரி ஒண்ணுல மொண்டு மொண்டு ஊத்திக் கொண்டுவருவாங்க. மாடும் அதுலதான் குடிக்கும். கவர்மெண்டு ஒரு அடிபம்பு போடச் சொல்லி எங்க கம்பெனிக்கு வேலையைக் குடுத்துச்சு. எங்க ரிக்குல லமெக்குன்னு ஒருத்தன் இருந்தான், கசாண்டேக்காரன், ராடு மாட்டறதுல அவனை மாதிரி ஆளு கெடையாது. நான் இங்க வந்த நாள்ல இருந்து எங்கூடத்தான். என்னைப் "பாஸ்"னுதான் கூப்பிடுவான். என்ற சாப்பாட்டுல பாதியை அவன் திம்பான், அவன் சாப்பாட்டுல பாதியை நான் திம்பேன். ரசம் வெக்கக்கூடச் சொல்லிக் குடுத்திருக்கறேன்.

அந்த ஊர்ல கல்லு சார், சாமானியக் கல்லு இல்லை. ரெண்டு இடத்துல வெறும் புழுதிதான் பறந்துச்சு. மூணாவது இடத்துல லமெக் செருப்பைக் கழட்டி வெச்சுட்டு நிக்கறான், அவன் அக்கா நிக்கறா, மெமோரின்னு பேரு, ஊரே நிக்குது. திடீர்னு கம்ப்ரசர் சத்தம் மாறுச்சு. சேறு வந்துச்சு, அப்புறம் பால் மாதிரி வந்துச்சு, அப்புறம் தெளிஞ்சு வந்துச்சு பாருங்க, பனையொசரம்! எங்க முறைப்படி தேங்காய் ஒடைக்கோணும், தேங்காய்க்கு எங்க போறது, எலுமிச்சம்பழத்தை வண்டிச் சக்கரத்துக்கடியில வெச்சு நசுக்கிக் கற்பூரம் காட்டினேன். அந்த மெமோரி நனைஞ்சுக்கிட்டே ஆடினா. எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. புண்ணியம்னா அதுதான்.

பம்பை எறக்கி, சிமெண்டு மேடை கட்டி, எல்லாம் முடிச்சாச்சு. அப்புறம் முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? மந்திரி வந்து, ரிப்பன் வெட்டி, அவரு கையால ஒரு அடி அடிச்சு, போட்டோ எடுத்தாத்தான் வேலை முடிஞ்சதுன்னு கணக்கு. அதுவரைக்கும் பம்பு எங்க பொறுப்பு. ஒருத்தரும் தொடக்கூடாது. அதனால கைப்பிடியை மடக்கி, சங்கிலி போட்டுப் பூட்டினேன். எந்தப் பூட்டுன்னு நெனைக்கறீங்க? உங்கூர்ப் பூட்டுங்க! திண்டுக்கல் பூட்டு! மாங்காய் அளவுக்கு இருக்கும். ஊருக்குப் போயிருந்தப்ப வாங்கியாந்தது. சாவி எப்பவும் என்ற இடுப்புல.

மந்திரி அடுத்த வாரம் வர்றாருன்னாங்க. கல்வெட்டுகூட வந்துருச்சு, பளபளன்னு கறுப்புக் கல்லு, அவரு பேரு போட்டு. ஊரெல்லாம் கூட்டிப் பெருக்கி, மரத்துக்கெல்லாம் வெள்ளையடிச்சு, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்து வெச்சிருக்காங்க. வரலை. என்னன்னு கேட்டா அந்த மந்திரியையே தூக்கிட்டாங்களாம். புது மந்திரிக்குப் புதுக் கல்லு. பழைய கல்லை என்ன பண்றதுன்னு கேட்டேன், ஒருத்தரும் சொல்லலை, பள்ளிக்கூடத்துக்காரங்க வாசப்படிக்குப் போட்டுக்கிட்டாங்க. புதுசா வந்தவரு சர்க்கரை வியாதிக்கு வெளிநாட்டுக்கு வைத்தியத்துக்குப் போனாரு. போனவரு போனவருதான். இவங்களுக்கு வைத்தியம்னா வெளிநாடு, புள்ளைங்க படிப்புன்னா வெளிநாடு, உள்நாடு எதுக்குன்னா ஓட்டுக்கு. இதைச் சொன்னது நான் இல்லீங்க, லமெக்தான் சொன்னான். நான் ஆமான்னு தலையாட்டினேன். நாங்க ரெண்டு பேரும் ரிக்கு நெழல்ல உக்காந்து அந்த அரசாங்கத்தைத் திட்டாத நாளே கெடையாது. அந்த விசயத்துல அவனுக்கும் எனக்கும் ஒரே வாய்.

ஒரு நாள் அவன் சொன்னான், "பாஸ், சுதந்திரக் கொடி ஏத்தின அன்னைக்கு எங்கப்பா மைதானத்துல நின்னாரு. தண்ணி தர்றோம், ரோடு போடறோம்னாங்க, கை தட்டினாரு. அப்புறம் வந்த எல்லாக் கூட்டத்துலயும் நான் கை தட்டியிருக்கறேன். கை வலிக்குது பாஸ்."

எப்பேர்ப்பட்ட பேச்சு பாருங்க. படிக்காதவன்.

ஐப்பசி மாசத்து வெயில் நம்மூர்ல இருக்காது, இங்க அப்பத்தான் கொளுத்தும். ஓடை வத்திப் போச்சு. மணலை ஆளுயரத்துக்குத் தோண்டறாங்க. நான் சைட்டைப் பாக்கப் போனா, பொம்பளைங்க குடத்தை எடுத்துட்டு வந்து பம்பு மேடையைச் சுத்தி உக்காந்திருப்பாங்க. சண்டையெல்லாம் போடமாட்டாங்க சார். சும்மா உக்காந்திருப்பாங்க. எனக்கு அது பெரிய சங்கடமாப் போச்சு. இன்னும் கொஞ்ச நாள்தாம்மா, கொஞ்ச நாள்னு சொல்லிக்கிட்டே வண்டியில ஏறிருவேன்.

எங்கூர்ப் பக்கம்கூட ஒரு தண்ணித் தொட்டி அப்படித்தான் ஒரு வருசம் பூட்டிக் கெடந்துச்சு, பெரிய ஆளு யாரோ தேதி குடுக்கலைன்னு. அது வேறங்க. நம்ம பக்கம் அதுக்கெல்லாம் ஒரு ஒழுங்கு இருக்குது. நீங்க சிரிக்கறீங்க. இல்லீங்க, அது வேற.

நான் சும்மா இருக்கலீங்க. தலைநகரத்துக்கே போனேன். அந்த மந்திரி ஆபீஸ் வராந்தாவுல பெஞ்சு ஒண்ணு இருக்குது, அதுல என்ற சூடு இன்னும் இருக்கும். செயலாளர் வருவாரு, போவாரு. "சார், கசாண்டே"ன்னு எந்திரிச்சு நிப்பேன். "பாக்கலாம்"னுட்டு டீ குடிக்கப் போயிருவாரு. நம்ம வீட்டு வேலையா அது? அவங்க ஜனத்துக்கு, அவங்க நாட்டுல, நான் போய்க் கெஞ்சிக்கிட்டிருக்கறேன். வெக்கமா இருந்துச்சு எனக்கு. அவங்களுக்கு இல்லை.

அப்பத்தான் கசாண்டேவுல வாந்திபேதி வந்துச்சு.

அந்த ஓடைத் தண்ணிதான். ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு கூடாரம் போட்டாங்க. எனக்கு மனசு கேக்கலீங்க. வாந்திபேதிக்குத் தண்ணியில கரைச்சுக் குடிக்கறதுக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இருக்குதில்லீங்களா, அதை என்ற சொந்தக் காசுல ஒரு பெட்டி வாங்கி, வண்டியில போட்டுக்கிட்டு நானே போனேன். எந்த மந்திரி போனான்? நான் போனேன். லமெக் பெட்டியைப் பிரிச்சான். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பாத்தான். "நன்றி பாஸ்"னான். அப்புறம், "இதை எதுல கரைக்கறது?"ன்னான்.

எகத்தாளம் சார். நல்லது பண்ணப் போன இடத்துல.

நான் சொன்னேன், நாளைக்கே மறுபடியும் தலைநகரத்துக்குப் போறேன், இந்தத் தடவை விடமாட்டேன்னு. அவன் கையை நீட்டினான். "சாவியைக் குடுங்க பாஸ். மந்திரிகிட்ட அது இல்லை."

நீங்க வாத்தியாரு, சொல்லுங்க. இது என்ன பேச்சு? சாவி என்ற இடுப்புல இருக்குதுன்னா அதிகாரமும் என்ற இடுப்புல இருக்குதுன்னு ஆயிருமா? நான் கூலிக்கு வேலை செய்யறவன். மேல இருக்கறவன் சொல்லோணும். எங்க முதலாளி சொல்லோணும், அவருக்குச் செயலாளர் சொல்லோணும், செயலாளருக்கு மந்திரி சொல்லோணும், மந்திரிக்கு யாரு சொல்லோணுமோ. பொறுத்துக்கோடான்னேன். அவன் நீட்டின கையை மடக்கலை. நான்தான் வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்தேன்.

அந்த வாரமே மெமோரி செத்துப் போனா. லமெக்கோட அக்கா. அன்னைக்குத் தண்ணியில ஆடினான்னு சொன்னேனே, அவதான்.

எனக்குச் சோறு எறங்கலீங்க. நெசமாச் சொல்றேன், தட்டைத் தள்ளி வெச்சுட்டு அழுதேன். என்ற கூடப்பொறந்தவ செத்த மாதிரி இருந்துச்சு. அந்த மந்திரி மட்டும் என்ற முன்னாடி வந்திருந்தா சட்டையைப் புடிச்சிருப்பேன். ஒரு ரிப்பன் வெட்ட நேரமில்லாம ஒரு உசுரைக் கொன்னுட்டானேன்னு ரிக்குல எல்லார்கிட்டயும் சத்தம் போட்டேன்.

எழவு முடிஞ்ச மறுநாள் லமெக் சங்கிலியை அறுத்துட்டான். பட்டப்பகல்ல. எங்க ரிக்கு ரம்பத்தை எடுத்துட்டுப் போய்த்தான். பூட்டை ஒடைக்க முடியலையாம், அதைச் சொல்லோணும், உங்கூர்ப் பூட்டு அசையலை. சங்கிலிதான் போச்சு. ஊரே தண்ணி அடிச்சுக் குடிச்சுது. குடிக்கட்டும், எனக்கென்னங்க? தெரியாத மாதிரி இருந்துக்கலாம்னுதான் நெனச்சேன், சாமி சத்தியமா. அதுக்குள்ள எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் அங்க போய், பம்பை அடிக்கற மாதிரி நின்னு போட்டோ புடிச்சு ஊரெல்லாம் அனுப்பிட்டான். "ஜனங்களே திறந்து வைத்த பம்பு"ன்னு கீழ எழுதி.

செயலாளர் முதல் தடவையா என்னைக் கூப்பிட்டாரு. அத்தனை நாள் வராந்தாவுல உக்காந்தவனை ஏறெடுத்துப் பாக்காத மனுசன், காலங்காத்தால போன்ல கத்தறாரு. "உங்க கம்பெனிக்கு இந்த நாட்டுல வேலை வேணுமா வேண்டாமா?" முதலாளி ஊர்ல இருந்து கத்தறாரு. நான் என்ன பண்ணட்டும்? போலீசைக் கூட்டிட்டுப் போய், யாரு அறுத்ததுன்னு சொல்லோணும்னாங்க, சொன்னேன். அடிக்காதீங்கன்னும் சொன்னேன். அதை நான்தான் சொன்னேன், வேற யாரும் சொல்லலை. லமெக்கைக் கொஞ்ச நாள் உள்ள வெச்சிருந்துட்டு விட்டுட்டாங்க. வேலை போச்சு, அது என்ற கையில இல்லை. இந்தத் தடவை சங்கிலி கிங்கிலி வேண்டாம்னு கைப்பிடிக்கு வெல்டிங் வெச்சுட்டேன். என்ற கையாலயே. அந்தப் பொம்பளைங்க அன்னைக்கும் சுத்தி உக்காந்துதான் இருந்தாங்க. நெருப்புப் பொறி பறக்குது, கொழந்தைங்க கண்ணை மூடுங்கம்மான்னேன், மூடினாங்க. அப்படிப்பட்ட ஜனம் சார். சொன்னாக் கேக்கற ஜனம். இதுங்களை வெச்சுக்கிட்டு ஒரு தலைவனால ஒண்ணும் பண்ண முடியலைன்னா, அவன் என்ன தலைவன்?

வண்டி சத்தமா அது? இல்லை. லாரி. துணை மந்திரி இல்லை. உக்காருங்க.

இப்ப எதுக்குப் போறேன்னு கேக்கறீங்களா? அதைத்தாங்க சொல்ல வந்தேன். மூணாவதா ஒரு மந்திரி வந்திருக்காரு. கெட்டிக்காரருன்னு பேரு. வந்ததுமே தேதி குடுத்துட்டாரு, வர்ற சனிக்கிழமை. ஆனா கசாண்டேவுக்கு இல்லை. அவரு சொந்தத் தொகுதியில ஒரு பம்பைத் திறந்து வெக்கறாராம். அங்க போர் போட்டாச்சு, பம்பு இல்லை, பம்பெல்லாம் துறைமுகத்துல மாட்டிக் கெடக்குது. செயலாளர் கூப்பிட்டாரு. "கசாண்டேவுல ஒண்ணு சும்மாத்தானே நிக்குது? அதைக் கழட்டியாந்து இங்க மாட்டு. அவங்களுக்கு அடுத்த வருசம் பாத்துக்கலாம்"ங்கறாரு.

எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சுங்க. நாடு உருப்படுமா இது? ஒரு ஊரு வாயில இருந்து புடுங்கி இன்னொரு ஊருக்கு வெச்சு, அதுக்கு மாலை வேற. மனுசனா நீன்னு கேட்டிருக்கோணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. சரிங்க சார்னேன்.

அதுக்குத்தான் போறேன். இன்னைக்குக் கழட்டினாத்தான் வெள்ளிக்கிழமை மாட்ட முடியும். ரிக்கு ஆளுங்க வண்டியில அந்தப் பக்கமாச் சுத்திக்கிட்டு வர்றாங்க. எனக்கு இந்த லமெக் மொகத்தைப் பாக்கறதை நெனச்சாத்தான் உக்கார முடியலை. அவன் ஊர்லதான் இருப்பான். வேற எங்க போவான்? கேப்பான். என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும், நான் என்ன சொல்லுவேன்னுதான் தெரியலை. மேல இருந்து சொன்னாங்கடான்னு சொல்லலாம். உண்மைதானே அது?

இருங்க சார், இந்தம்மா என்னமோ கேக்குது. என்னம்மா?

இவ்வளவு நேரம் பக்கத்துல கொழந்தையை முதுகுல கட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சே, அதுங்க. நம்ம பேசினது அதுக்கு ஒண்ணும் புரியலை. ஆனா கசாண்டே, கசாண்டேன்னு நான் சொன்னது காதுல விழுந்திருக்குது. அதுக்குச் சொந்த ஊரே கசாண்டேதானாம். "பம்பு ஆளுதானே நீங்க?"ங்குது. ஆமாம்மா. ஆமா, நான்தான். ஆமா, கசாண்டேவுக்குத்தான். ஆமா, பம்புக்குத்தான் போறேன்.

ஐயோ, கொலவை போட ஆரம்பிச்சிருச்சு. நம்மூரு கொலவையேதான் இல்லீங்களா? அங்க நிக்கற பொம்பளைங்களையெல்லாம் கூப்பிடுது. "வந்துட்டாரு, திறக்க வந்துட்டாரு"ங்குது. நான் திறக்கறதுன்னு சொல்லவே இல்லீங்க, கேட்டீங்கல்ல? பம்புக்குப் போறேன்னுதான் சொன்னேன்.

சொல்லீரலாமான்னா? இப்பவா? எப்படிங்க சொல்றது, பாருங்க எப்படிச் சிரிக்குதுங்க. கொழந்தைங்கெல்லாம் இருக்குது. நேரா ஊருக்குப் போனாத் தானாத் தெரிஞ்சுக்கும். நான் எதுக்கு வாயைத் திறந்து?

அதோ, படகு கெளம்பிருச்சு! துணை மந்திரி வரலையாம். சொன்னேன்ல? எந்திரிங்க. பாருங்க சார், வரிசையில முன்னாடி நின்னவங்களெல்லாம் எனக்கு ஒதுங்கி வழி விடறாங்க. இந்தம்மா என்ற சாமான் பெட்டியைத் தூக்கித் தலையில வெச்சுக்கிச்சு. எவ்வளவு நல்ல ஜனம்! இதுங்களுக்கு ஒரு தலைவன் வாய்க்கலையே, எனக்கு அதுதாங்க ஆத்தாமை.

ஏம்மா, பாத்து. சாய்க்காம கொண்டு போ. வெல்டிங்கை அறுக்கற சக்கரம் உள்ள இருக்குது, ஒடைஞ்சுரும்.